குதிரும் கோபுரமும்

தஞ்சாவூருக்கு வருகிறவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியதுதான். 216 அடி உயரத்துக்குக் கல்லின் மேல் கல்லாக அடுக்கி, 1010-இல் முடித்துக் காட்டிய ஒரு விமானத்தை நிமிர்ந்து பார்க்காமல் என்ன செய்வது? கழுத்து வலிக்க ஆரம்பித்த பிறகு, அதன் நிழல் தரையில் விழாது என்று யாராவது ஒருவர் சொல்லுவார். வந்தவர்கள் அந்த நிழலிலேயே ஒதுங்கி நின்றுகொண்டு அதைக் கேட்டுத் தலையை ஆட்டுவார்கள். அப்புறம் ரயில் ஏறி விடுவார்கள். தமிழனுடைய கட்டடக் கலையைப் பார்த்தாகி விட்டது!

எனக்குப் பெரிய கோவிலோடு சண்டை ஒன்றும் இல்லை. அதைப் பார்த்து விட்டு வேறு எதையும் பார்க்காமல் திரும்புகிறோமே, அந்த வழக்கத்தோடுதான் சண்டை. சாமிக்குக் கட்டினால் கலை, மற்றதெல்லாம் வெறும் கொத்து வேலை என்று நாம் மனசுக்குள் ஒரு கோடு கிழித்து வைத்திருக்கிறோம். கிழித்தால் கிழித்துவிட்டுப் போகட்டும், அதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று நீங்கள் கேட்கலாம். ஐப்பசி மாசத்தில் எங்கள் பூதலூர்ப் பக்கம் வந்து கேளுங்கள். நஷ்டத்தை மூட்டைக் கணக்கில் சொல்லுவார்கள்.

அதற்கு முன்னால் ஒரு கட்டடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பூதலூரில் ரயில் ஏறித் தஞ்சாவூர் போய், அங்கிருந்து கும்பகோணம் மார்க்கத்தில் போனால் பாபநாசம். அதை ஒட்டினாற்போல் திருப்பாலைத்துறை. பாலைவனநாதர் கோவில். பாடல் பெற்ற ஸ்தலம் என்பதால் பக்தர்கள் வருகிறார்கள். நேரே சந்நிதிக்குப் போகிறார்கள். நேரே திரும்பி வருகிறார்கள். அந்த வளாகத்திலேயே செங்கல்லும் சுண்ணாம்புமாக ஒரு பெரிய வட்டக் கட்டடம் நிற்கிறது. சுமார் 35 அடி உயரம். மேலே போகப் போகக் குவிந்து முகடாக மூடிக்கொள்கிறது. சுவரில் ஒன்றுக்கு மேல் ஒன்றாகத் திறப்புகள். உத்தரம் கிடையாது, தூண் கிடையாது, சிற்பம் கிடையாது. அது நெற்களஞ்சியம். தஞ்சை நாயக்கர் காலத்தில், 1600-இலிருந்து 1634 வரை ஆண்ட ரகுநாத நாயக்கரின் நாட்களில் கட்டியது. 3000 கலம் நெல் கொள்ளும் என்று சொல்லுகிறார்கள். கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால், மூட்டைக்கு இரண்டு கலம் என்று எங்கள் ஜில்லாக் கணக்கில் போட்டுப் பார்த்தால் 1500 மூட்டை.

முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்கு உடனே பாட்டி வீட்டுக் குதிர் ஞாபகம் வந்தது. குதிர் என்றால் இன்றைக்குச் சிறு பிள்ளைகளுக்குத் தெரியாது. மண்ணும் வைக்கோலும் பிசைந்து உறை உறையாக ஏற்றி, மேலே மூடி வைத்து, கீழே ஒரு துவாரம் விட்டு அதை அடைத்து வைப்பார்கள். மேலே கொட்டுவது, கீழே எடுப்பது. குதிருக்கு மூலை இல்லை. மூலை இருந்தால் அங்கே நெல் தங்கும். தங்கின நெல்லில் பூச்சி விழும். திருப்பாலைத்துறைக் கொத்தன் செய்ததெல்லாம் இந்தக் குதிரை எடுத்து வீட்டைவிடப் பெரிதாக வளர்த்ததுதான். “செய்ததெல்லாம்” என்று சொல்லி விட்டேனே தவிர, அது லேசான காரியம் இல்லை.

ஏன் லேசில்லை என்று சொல்ல வேண்டும். சோழன் கட்டிய கோவிலில் கூரை என்பது என்ன? இரண்டு தூண், நடுவே ஒரு கல் உத்தரம். கல்லுக்கு நசுங்கத் தெரியாது. ஆனால் நடுவில் வளையச் சொன்னால் பட்டென்று முறிந்துவிடும். ஆகையால் தூணுக்கும் தூணுக்கும் இடையிலே தூரத்தைக் குறைக்க வேண்டும். தூண்களைப் பெருக்க வேண்டும். ஆயிரங்கால் மண்டபம் ஆயிரங்கால் மண்டபமாக இருப்பதற்கு பக்தி ஒரு காரணம் என்றால், கல்லின் இந்தப் பலவீனம் இன்னொரு காரணம். பெரிய கோவில் விமானத்தின் உட்கூடுகூட, ஒவ்வொரு வரிக் கல்லையும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நீட்டி நீட்டிக் குறுக்கிக்கொண்டு போன அடுக்குதான். அது வேறு சாமர்த்தியம்.

வில்வளைவு அப்படி இல்லை. உள்ளங்கை அகலச் செங்கல்களை வில்லைப் போல் வளைத்து அடுக்கினால், ஒவ்வொரு கல்லும் விழப் பார்க்கிறது. விழப் பார்ப்பதனாலேயே பக்கத்துக் கல்லை நெருக்குகிறது. அந்த நெருக்கத்தில் எல்லாமாகச் சேர்ந்து நின்று விடுகின்றன. உத்தரம் வேண்டாம். நீள வளைவாக இழுத்தால் கூடம். சுற்றிச் சுழற்றினால் முகடு. ஆனால் வளைவு சும்மா இருக்காது. தன் பாரத்தைக் கீழே மட்டும் இறக்காமல் பக்கவாட்டிலும் உதைக்கும். அந்த உதையைத் தாங்கத்தான் அந்தக் காலத்துச் சுவர்கள் அத்தனை பருமன். கூடத்துச் சுவர் ஏன் ஒரு ஆள் படுக்கிற அகலம் இருக்கிறது என்று கேட்டால், “அந்தக் காலத்து மனுஷன் அப்படிக் கட்டினான்” என்று பதில் வருகிறது. அது பதில் இல்லை. வளைவு உதைத்தது, சுவர் தாங்கிற்று.

இதில் களஞ்சியத்துக்கு இரட்டை வேலை. முகடு வெளியே உதைக்கிறது என்றால், உள்ளே இருக்கிற நெல்லும் தண்ணீரைப் போலச் சுவரைத் தள்ளுகிறது. சதுர அறையாக இருந்தால் சுவர் நடுவில் பிதுங்கும். வட்டமாக இருந்தால், பீப்பாய்க்கு இரும்புப் பட்டை போட்ட மாதிரி, சுவர் தன்னைத் தானே சுற்றிப் பிடித்துக்கொள்ளும். அது மட்டும் அல்ல. நெல் ஒன்றோடொன்றும் சுவரோடும் உராய்ந்து நிற்பதால், ஓர் ஆழத்துக்குக் கீழே போனால் அடியிலே அழுத்தம் மேலும் மேலும் ஏறுவதில்லை. பாரத்தில் ஒரு பங்கைச் சுவரே வாங்கிக்கொள்கிறது. இதை யான்ஸன் என்ற ஜெர்மானிய எஞ்சினீயர் 1895-இல் கணக்குப் போட்டு எழுதினார். திருப்பாலைத்துறைக் கொத்தனுக்குக் கணக்குத் தெரிந்திருக்காது, குதிர் தெரிந்திருந்தது.

எங்கள் ஊரில் ஒரு பெரியவர் இருக்கிறார். கொத்தனார். இந்த மாவட்டத்தில் பழைய சுண்ணாம்பு வேலை தெரிந்தவர்கள் விரல் விட்டு எண்ணும்படி இருக்கிறார்களே, அவர்களில் ஒருவர். ஒரு நாள் அவரை அழைத்துக்கொண்டு போய் அந்தக் களஞ்சியத்தைக் காட்டினேன். சுற்றி வந்தார். சுவரை முஷ்டியால் இரண்டு தட்டுத் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார்.

“எப்படி இருக்கிறது, பெரியவரே?”

“நம்ம ஆளு வேலைதாங்க” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “வளைவை மூடிச் சாரத்தைப் பிரிக்கிற அன்னிக்கு ராத்திரி கொத்தனுக்குத் தூக்கம் வராதுங்கய்யா. பிள்ளைப்பேறு மாதிரி” என்றார்.

“நம்ம ஆளு” என்று அவர் சொன்னது சாதாரணமாகச் சொன்னது. ஆனால் படித்தவர்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை. கலை ஞானம் மிகுந்த நண்பர் ஒருவரிடம் இந்தக் களஞ்சியத்தைப் பற்றிப் பிரஸ்தாபித்தேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். “வில்வளைவு நம்முடையது இல்லையே, ஸார். அது துருக்கர் கொண்டு வந்தது. நாயக்கர்கள் காப்பி அடித்தார்கள். சுத்தமான திராவிட மரபு சோழரோடு சரி” என்றார்.

சரித்திரம் அவர் பக்கம் இல்லை என்று நான் சொல்லப் போவதில்லை. விஜயநகரத்தார் தக்காணத்து சுல்தான்களோடு ஒரு பக்கம் யுத்தம் செய்துகொண்டே இன்னொரு பக்கம் அவர்கள் கட்டுகிற மாதிரியும் கட்டினார்கள். ஹம்பியில் யானைக் கொட்டில் என்று ஒன்று இருக்கிறது. பதினோரு அறை, அறைக்கு ஒரு குவிமாடம். அந்த வித்தைதான் நாயக்கர்களோடு தெற்கே வந்தது. செஞ்சியில் மலையடிவாரத்தில் வளைவுக் கூரையோடு களஞ்சியமாக நின்றது. மதுரையில் 1636 வாக்கில் திருமலை நாயக்கருக்கு மாளிகையாக எழுந்தது. தஞ்சை அரண்மனையில் கூடம் கூடமாக நீண்டது. பின்னால் வந்த மராட்டியர் அதை இடிக்காமல் ஏற்றுக்கொண்டு மேலும் மேலும் கட்டினார்கள்.

ஆகவே வந்த வித்தைதான். வந்தது என்பதற்காகத் தள்ளுவதென்றால் எங்கே ஆரம்பித்து எங்கே நிறுத்துவது? நண்பர் காலையில் தொட்டுக்கொண்ட மிளகாய்ப் பொடியில் இருந்த மிளகாயைப் போர்த்துக்கீசியர் கப்பலில் கொண்டு வந்து இறக்கினார்கள். மார்கழியில் அவர் கேட்டுக் கண்ணீர் விடுகிற கச்சேரியில் பக்கவாத்தியம் வெள்ளைக்காரனுடைய பிடில். அதைக் கணுக்காலில் சாய்த்துத் தரையில் உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தோமோ இல்லையோ, நம்முடையதாகி விட்டது. வில்வளைவுக்கும் அதேதான் நடந்தது. குதிரின் மேலே அதை வைத்தான் ஒரு கொத்தன். சுண்ணாம்பில் கடுக்காயையும் வெல்லத்தையும் கரைத்து ஊற்றினான். இதற்கு மேல் ஒரு கட்டடம் தமிழாவதற்கு என்ன செய்ய வேண்டும், கோத்திரம் சொல்ல வேண்டுமா?

சுத்தம் பேசுகிறவர்களால் இன்னொரு கெடுதலும் உண்டு. எது சுத்தமில்லையோ அது இடிந்தாலும் அவர்கள் கவலைப்படுவதில்லை. திருமலை நாயக்கர் மாளிகையில் இன்று நிற்பது மூலக் கட்டடத்தில் ஒரு பங்குதான். அந்தப் பங்கைக்கூட, 1866-இலிருந்து 1872 வரை சென்னை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு பழுது பார்த்திராவிட்டால் நாம் பார்த்திருக்க மாட்டோம். தஞ்சை அரண்மனையைச் சுற்றி வந்து பாருங்கள். சரஸ்வதி மகாலும் கலைக்கூடமும் இருக்கிற பாகங்களைத் தாண்டினால், வளைவின் முதுகில் அரச மரம் முளைத்திருக்கும். அரச மரத்தின் வேருக்கு ஒரு விசேஷ புத்தி உண்டு. வளைவிலே எந்தக் கல்லைப் பெயர்த்தால் மற்றதெல்லாம் தானாக வருமோ அந்தக் கல்லுக்கே போய்ச் சேரும்.

மற்ற தேசத்தார் என்ன செய்கிறார்கள்? இங்கிலாந்தில் லேகாக் என்று ஒரு கிராமம். 1232-இல் எலா என்ற சீமாட்டி அங்கே கன்னிகாஸ்திரீகளுக்கு ஒரு மடம் ஸ்தாபித்தாள். எட்டாவது ஹென்றி மடங்களையெல்லாம் கலைத்தபோது ஷாரிங்டன் என்ற பிரபு அதை விலைக்கு வாங்கினார். மாதா கோவிலை இடித்தார். ஆனால் கீழ்த்தளத்து வளைவுக் கூடங்களை இடிக்காமல் அவற்றின் மேலேயே தமக்கு வீடு கட்டிக்கொண்டார். பின்னால் அந்த வீட்டில் வாழ்ந்த டால்பட் என்பவர் 1835-இல் ஒரு ஜன்னலைப் போட்டோப் பிடித்தார்; உலகத்தின் ஆதிப் போட்டோக்களில் அது ஒன்று. கன்னிமாடத்து வளைவும் பிரபுவின் வீடும் ஒட்டிக்கொண்டு இன்றும் நிற்கின்றன. 1944 முதல் தேசிய அறக்கட்டளை ஒன்றின் பராமரிப்பில்.

சரி, அது மடமும் மாளிகையும். தானியத்துக்குக் கட்டியதை அவர்கள் மதித்தார்களா என்று கேட்பீர்கள். கிரேட் காக்ஸ்வெல் என்ற ஊரில் சுமார் 700 வருஷத்துப் பழைய தானியக் கொட்டகை ஒன்று இருக்கிறது. வில்லியம் மாரிஸ் என்ற கவி, பெரிய மனுஷர்கள் தம் வீட்டுக்கு விருந்தாளிகளாக வந்தால் அவர்களை அழைத்துக்கொண்டு போய் அந்தக் கொட்டகையைக் காட்டுவாராம். பேராலயத்துக்கு நிகரான கம்பீரம் என்பது அவர் அபிப்பிராயம். அதே மாரிஸ்தான் 1877-இல் பழைய கட்டடங்களைக் காக்க ஒரு சங்கம் கண்டவர். நம் ஊரில் கவிகளுக்குப் பஞ்சமில்லை. களஞ்சியத்துக்கு விருந்தாளியை அழைத்துப் போன கவியை நான் இன்னும் சந்திக்கவில்லை.

ரகுநாத நாயக்கர் காலத்திலேயே இன்னொரு வளைவுக் கட்டடமும் எழுந்தது. 1620-இல் அவரிடம் அனுமதி பெற்று டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியில் கோட்டை கட்டினார்கள். கீழ்த்தளம் முழுக்க வளைவுக் கூரை போட்ட அறைகள். சரக்கு வைக்க, சிப்பாய்கள் இருக்க, கைதிகளை அடைக்க. இன்று அது மியூசியம். கடற்காற்று வாங்க வருகிறவர்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய், “என்ன ஜில்லென்று இருக்கிறது!” என்று வியக்கிறார்கள். அதே ராஜா, அதே காலம், அதே செங்கல் சுண்ணாம்பு. அன்னியன் சரக்கு வைத்த வளைவைப் பார்க்கப் போகிறோம். நாம் நெல் வைத்த வளைவைப் பார்ப்பதில்லை.

உருவத்தை மட்டும் காப்பி அடித்தால் போதும் என்று நான் சொல்லுவதாக நினைக்க வேண்டாம். பாட்னாவில் கோல்கர் என்று ஒன்று இருக்கிறது. 1770-இல் வங்காளத்தில் வந்த கொடிய பஞ்சத்துக்குப் பிறகு, கம்பெனி சர்க்காருக்குத் திடீரென்று ஞானோதயம் உண்டாகி, கார்ஸ்டின் என்ற காப்டனைக் கொண்டு 1786-இல் கட்டி முடித்த தானியக் களஞ்சியம். செங்கல் முகடு, ஏறக்குறைய 96 அடி உயரம், சுவர் 12 அடிப் பருமன், வெளியே சுற்றிச் சுற்றி 145 படி. கூலிக்காரன் மூட்டையோடு ஒரு பக்கம் ஏறி, உச்சியில் கொட்டி விட்டு, மறுபக்கம் இறங்க வேண்டும். கதவுகளை உட்பக்கம் திறக்கும்படி வைத்து விட்டார்கள், தானியத்தை நிரப்பினால் கதவு திறக்காது என்று ஊரார் சொல்லிச் சிரிக்கிறார்கள். அந்தக் கதை எப்படியோ, அது ஒரு நாளும் நிரம்பவில்லை என்பது நிஜம். நெல்லை அறியாதவன் நெல்லுக்குக் கட்டினால் அப்படித்தான் ஆகும். கட்டடம் என்னவோ ஜோராக இருக்கிறது.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன்.

பூதலூர் டெல்டாவின் மேற்குக் கோடி. கல்லணையில் பிரிகிற தண்ணீர் முதலில் எட்டிப் பார்ப்பது எங்களைத்தான். 1934-இல் மேட்டூர் அணையோடு வந்த கல்லணைக் கால்வாயை இன்னும் நாங்கள் “புது ஆறு” என்கிறோம். தொண்ணூறு வயசாகியும் அதற்குப் புதுப் பேர் போகவில்லை. தண்ணீரைக் கட்டியவர்களை நாங்கள் மறக்கவில்லை. கல்லணையில் கரிகாலனுக்குச் சிலை இருக்கிறது. அணை திறக்கிற நாளில் பூத் தூவுகிறோம், நெல் தூவுகிறோம். தூவின நெல் விளைந்து வந்த பிறகு அதை எங்கே வைப்பது என்பதற்குத்தான் விழாவும் இல்லை, இடமும் இல்லை.

2025-இல் ஜூன் 12-ஆம் தேதி நாள் தவறாமல் மேட்டூர் திறந்தது. குறுவை நன்றாக விளைந்தது. அக்டோபரில் அறுவடையும் மழையும் கைகோத்துக்கொண்டு வந்தன. டெல்டா முழுவதும் கொள்முதல் நிலைய வாசல்களிலே நெல் குவியல் குவியலாகக் கிடந்து நனைந்தது, முளைத்தது. பத்திரிகைகளில் படம் வந்தது. கட்சிக்காரர்கள் வந்து முளைத்த நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்தார்கள். எனக்கும் அரை வேலி நிலம் உண்டு. என் நெல்லும் ஒரு நிலையத்து வாசலில் ஒன்பது நாள் கிடந்தது. எந்த நிலையம் என்று சொல்லப் போவதில்லை. அங்கே இருந்த பையன் நல்லவன், அவன் என்ன செய்வான்? பத்தாம் நாள் காலையில் படுதாவைத் தூக்கிப் பார்த்தால் குவியலின் ஓரமெல்லாம் பச்சை. நாற்றங்காலில் பார்த்தால் சந்தோஷப்படுகிற பச்சை. என் சித்தப்பா ஒன்றும் பேசாமல் அதைக் கையால் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

படுதா போட்டால் நெல் நனையாது என்று நினைக்கிறவர்கள் நெல் மூச்சு விடுவதை அறியாதவர்கள். அறுப்பு மெஷினில் அடித்து அப்படியே கொண்டு வருகிற நெல்லில் ஈரம் அதிகம். முன்பெல்லாம் அரிவாளால் அறுத்து, அரி அரியாகக் காயவிட்டு, கட்டுக் கட்டி, களத்தில் அடித்துத் தூற்றுவதற்குள் பாதி ஈரம் வெயிலில் போய்விடும். இப்போது அந்தச் சாவகாசம் இல்லை. ஈர நெல் குவியலில் உள்ளுக்குள் சூடு ஏறுகிறது. அந்த ஆவி மேலே போய் பிளாஸ்டிக் படுதாவில் முட்டி, ராத்திரி குளிர்ந்து, சொட்டுச் சொட்டாகத் திரும்ப நெல்லின் மேலேயே விழுகிறது. மழை வெளியே ஒன்று, உள்ளே ஒன்று. தகரக் கொட்டகையிலும் இதே கதைதான். பகலில் அடுப்பு, ராத்திரி பனிக்கட்டி. பருமனான செங்கல் சுவரும் சுண்ணாம்புக் காரையும் அப்படி அவசரப்படுவதில்லை. பகல் சூடு உள்ளே போய்ச் சேருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கிக்கொண்டு மெல்ல வெளியே விடும். காய்ந்த நெல்லை உள்ளே விட்டு வாயை அடைத்தால், அதற்கு வெயிலும் தெரியாது, மழையும் தெரியாது.

இதற்கு மாறாக நம் சர்க்கார் கண்டிருக்கும் பரிகாரம் என்ன? ஈரப்பதம் 17 சதவிகிதத்துக்கு மேல் இருந்தால் வாங்கக் கூடாது என்று ஒரு விதி. மழை பெய்கிற வருஷங்களில் விதியைத் தளர்த்தும்படி டில்லிக்கு எழுதுகிறோம். அங்கேயிருந்து குழு வருகிறது. மிஷினில் நெல்லைப் போட்டுப் பார்க்கிறது. 2023 பிப்ரவரியில் 20 வரைக்கும் போகலாம் என்று உத்தரவு வந்தது. நெல்லின் மேல் கூரை போடுவதற்குப் பதில் சதவிகிதத்தின் கூரையை உயர்த்துகிறோம்! சதவிகிதம் உயர்ந்ததனால் ஒரு நெல்மணியாவது காய்ந்ததாக நான் கேள்விப்படவில்லை.

உத்தியோகஸ்தர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். மரியாதையாகத்தான் கேட்டார். பிறகு, “நீங்கள் கதை எழுதுகிறவர், சார். 1500 மூட்டைக் குதிரை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது? இப்போது கணக்கு லட்சக்கணக்கான டன். சில இடங்களில் கூரை போட்ட கிடங்கு கட்டியிருக்கிறோமே” என்றார்.

கட்டியிருக்கிறார்கள், மறுக்கவில்லை. கணக்குப் பெரிது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் வாதத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. லட்சம் டன்னும் ஒரே ராத்திரியில் ஒரே இடத்தில் வந்து விழுவதில்லை. ஊர் ஊராக, ஆயிரம் மூட்டை, இரண்டாயிரம் மூட்டையாகத்தான் வருகிறது. நெல் முளைப்பது மாவட்டத் தலைநகரத்துப் பெரிய கிடங்கில் அல்ல. லாரி வராமல், சாக்கு வராமல், கிராமத்து நிலையத்து வாசலில் காத்துக் கிடக்கிற அந்தப் பத்து நாளில். அந்தப் பத்து நாளுக்கு, ஊருக்கு ஒரு களமும், அதன் மேலே காற்று ஓடுகிற உயரத்தில் ஒரு வளைவுக் கூரையும், பக்கத்தில் ஆயிரம் மூட்டைக் களஞ்சியம் ஒன்றும் வேண்டும். திருப்பாலைத்துறையின் அளவு இன்றைக்கு உதவாத அளவு என்று அவர் சொன்னார். நான் சொல்லுகிறேன், அதுதான் சரியான அளவு.

இன்னொரு நண்பரின் ஆட்சேபணை இதைவிட உறைப்பானது. “அந்தக் களஞ்சியம் நிறைந்ததனால் யார் வயிறு நிறைந்தது? நட்டவள் வயிறா, அறுத்தவன் வயிறா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. களஞ்சியத்துக்கு வந்த நெல் வாரமாகவும் வரியாகவும் அளந்து வாங்கிய நெல். அளந்து கொட்டிய பண்ணையாளுக்கு, அவன் கொட்டிய வாய் வழியாகத் திரும்ப எடுக்க உரிமை இல்லை. அவனுக்குச் சட்டப்படி கொஞ்சம் பாதுகாப்புக் கிடைக்க 1952 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1968 டிசம்பர் 25-ஆம் தேதி கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து செத்தது, கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்ட தகராறில். இதே டெல்டாவில்தான். இதையெல்லாம் மறந்து விட்டு நாயக்கர் காலத்தைப் பொற்காலம் என்று கொண்டாட நான் வரவில்லை.

ஆனால் இந்த வாதமும் என்னை மறுபடி அந்த வட்டக் கட்டடத்திடமே கொண்டு போய் விடுகிறது. அன்றைக்கு நெல்லுக்கு உடையவன் ராஜாவும் கோவிலும். ஆகவே அதற்கு 400 வருஷம் நிற்கிற கூரை கிடைத்தது. இன்றைக்குக் கொள்முதல் நிலையத்து வாசலில் கிடக்கிற நெல்லுக்கு உடையவன் இரண்டு ஏக்கர் குத்தகைக்காரன். ஆகவே அதற்குக் கிழிந்த படுதா. நண்பர் கேட்ட கேள்வியை நான் இப்படித் திருப்பிக் கேட்கிறேன்: ராஜா நெல்லுக்குக் கொடுத்த கூரையைக் குடியானவன் நெல்லுக்கும் கொடுப்பதற்கு ஒரு குடியரசால் முடியாதா?

ராஜராஜனிடம் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. பெரிய கோவில் கல்வெட்டுகளில் நெல்லை அளக்கிற மரக்காலுக்கு ஆடவல்லான் என்று பேர் எழுதியிருக்கிறது. சாமியின் பேர்! அவன் நெல்லையும் சாமியையும் நம் மாதிரிக் கோடு கிழித்துப் பிரிக்கவில்லை. கோபுரத்தைப் பார்க்க வருகிறவர்களுக்குக் கூட வருகிற வழிகாட்டிகள் இதைச் சொல்லுவதில்லை. விழாத நிழலைப் பற்றிச் சொல்லவே அவர்களுக்கு நேரம் சரியாக இருக்கிறது.

என் கோரிக்கைகள் அதிகம் இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பெரிய கோவிலுக்கு அழைத்து வருகிற பஸ்ஸை அப்படியே பாபநாசம் வரைக்கும் விடுங்கள். ஒரு மணி நேரப் பாதைதான். எஞ்சினீயரிங் காலேஜில் கட்டட வகுப்பு நடத்துகிறவர்கள் திருப்பாலைத்துறைச் சுவரை ஒரு தடவையாவது அளந்து படம் போடச் சொல்லட்டும். பூதலூர் வட்டாரத்தில் ஏதாவது ஓர் ஊரில், ஒரே ஓர் ஊரில், கொள்முதல் நிலையத்துக்குப் பக்கத்தில் செங்கல் வளைவுக் களஞ்சியம் ஒன்று கட்டிப் பார்க்கட்டும். செலவை வருஷா வருஷம் முளைத்துப் போகிற நெல்லின் விலையோடு வைத்துப் பார்க்கட்டும். செங்கல் சூளை இங்கேயே இருக்கிறது. சுண்ணாம்பு கிடைக்கிறது. கடுக்காய் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிறது.

கொத்தனாருக்கு வயசு எழுபத்தெட்டு. சாரத்தில் ஏறுவதை மகன் தடுத்து விட்டான். கீழே நின்று சொல்லிக் கொடுக்கிறேன் என்கிறார். நான் கேட்டுப் பார்த்து விட்டேன். நாலு பையன்கள் வேண்டுமாம், படித்தவர்களாக இருந்தாலும் பரவாயில்லையாம்.